இலவசமா ரெண்டு டிக்கெட்

அசையாதீங்க தம்பி, ஊசி குத்தும். பேன்ட்ல ஒரு கால் ஏறி ஒரு கால் இறங்கிச்சுன்னா அப்புறம் தையக்காரியைத்தான் திட்டுவீங்க. ஸ்டூல் மேல நேரா நில்லுங்க. கையில இருக்கற நோட்டீஸை அந்தப் பக்கம் வைங்க. எனக்கு கிரெடிட் கார்டெல்லாம் வேணாம்.

என்னது, வாழ்நாள் முழுக்க இலவசமா? யாரோட வாழ்நாள்? என்னோடதா, உங்க கம்பெனியோடதா? முழிக்காதீங்க, சும்மா கேட்டேன்.

எனக்கு ஒரு அண்ணன் இருக்கான். வெளியூர்ல, பெரிய ஆபீஸ்ல மேனேஜர். எச்சில் கையால காக்கா ஓட்ட மாட்டான். அவன் தலையில உங்களை மாதிரியே டை கட்டின ஒருத்தர் ஒரு கார்டைக் கட்டிட்டாரு. கார்டு வாங்கினா ரெண்டு ப்ளேன் டிக்கெட் இலவசம். அவனுக்கு இது போதாதா? உடனே அம்மாவுக்கு போன். அம்மா என்கூடதான் இருந்தாங்க. உன்னை அங்கேருந்து ப்ளேன்லயே கூட்டிட்டு வந்து என் வீட்ல வச்சிக்கறேம்மா, ரெடியா இருன்னான்.

அவங்களும் ரெடியாயிட்டாங்க. தெருவுல ஒருத்தரை விடல, என் பெரிய பிள்ளை ப்ளேன்ல கூட்டிட்டுப் போறான்னு. துணிமணி வைக்க இந்த மிஷின்லதான் ஒரு பை தைச்சுக் குடுத்தேன்.

அப்புறம்தானே கூத்து. டிக்கெட் வேணும்னா மூணு மாசத்துக்குள்ள கார்டுல இவ்வளவு செலவு பண்ணியிருக்கணுமாம். நல்லா ஓடிட்டிருந்த ஃப்ரிட்ஜைத் தள்ளிட்டுப் புதுசு வாங்கினான். சோஃபா வாங்கினான். ஆமா, இலவசத்துக்காகத்தான். சிரிக்கறீங்க இல்ல? அவன்கிட்ட வித்தவரும் இப்படித்தான் சிரிச்சிருப்பாரு. எல்லாம் வாங்கினப்புறம் லீவு நாள்ல செல்லாதுன்னாங்க. சனி ஞாயிறு செல்லாதுன்னாங்க. வரி மட்டும் நீங்க கட்டணும்னாங்க. அந்த வரியைப் பார்த்தா பாதி டிக்கெட் விலை!

படிச்சவன்தான், ஏன் கேக்கறீங்க? பெரிய எழுத்தைப் படிச்சான். கீழ எறும்பு ஊர்ற மாதிரி போட்டிருந்தீங்களே, அதை விட்டுட்டான். கேட்டிருந்தா சொல்லியிருப்பீங்களா? யாரு சொல்றா! அந்த நேரத்துக்கு உங்களுக்கெல்லாம் தொண்டை கட்டிக்கும்.

நானே பஸ்ல கொண்டாந்து விடறேண்டா, ஒரு ராத்திரிப் பயணம்தானேன்னேன். ஓசியில வர்றதை ஏன் விடணும்னான். அம்மாவும் அவன் பக்கம். பஸ்ல போனா தெருவுக்கு என்ன பதில் சொல்றதாம்.

கொஞ்சம் திரும்புங்க. இந்தக் கால்.

போன மாசம் அம்மாவுக்கு நெஞ்சு வலி. ஆஸ்பத்திரில படுத்துக்கிட்டு, பெரியவன் வந்துட்டானா, பெரியவன் வந்துட்டானான்னு ஒரே கேள்வி. போன் பண்ணினேன். டிக்கெட் உறுதியாயிடுச்சு, அடுத்த மாசம் எப்படியும் வரேன், நடுவுல ஒரு தடவை வெட்டிச் செலவு எதுக்கு, வாயுவா இருக்கும், பாருன்னான்.

மறுநாள் ஓடி வந்தான். ப்ளேன்லதான், முழுக் காசு குடுத்து. வந்து? போர்த்தியிருந்த துணியை விலக்கிப் பார்த்தான்.

சரி, இறங்குங்க. பார்த்து, ஸ்டூல் ஆடும். சாயங்காலம் வாங்க, தைச்சு வைக்கறேன். ஐயே, நீங்க எதுக்கு மன்னிப்பு கேக்கறீங்க, நீங்களா வித்தீங்க? இந்த நோட்டீஸை மட்டும் எடுத்துட்டுப் போயிடுங்க.

நான் இவ்வளவு பேசற ஆளே இல்ல தம்பி. காலையில அம்மா போனுக்கு ஒரு மெசேஜ் வந்துச்சு. மூணு மணிக்கு ஃப்ளைட்டாம். ஜன்னலோர சீட்டு போட்டிருக்காங்க. அடையாள அட்டையை மறக்காம எடுத்துட்டு வரணுமாம்.