எட்டாம் நம்பர் சட்டை

என் வலது கால் நல்ல கால். இடது கால் நிற்பதற்கு மட்டும்தான். பதினாறு வயதில் என் பயிற்சியாளர் இதைச் சொன்னார், அறுபத்து நான்கு வயதில் என் மூட்டு டாக்டரும் இதையேதான் சொல்கிறார். ஆகையால் நான் கொஞ்சம் சாய்ந்து உட்கார்ந்தால் தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள், மேடம்.

நீங்கள் வந்த காரணம் தெரியும். டேரன் ஓல்ட்ராய்ட் போன மாதம் இறந்துபோனான். முப்பத்திரண்டு வருடத்துக்கு முந்தைய தலைக்காயம்தான் காரணம் என்று டாக்டர் எழுதிக்கொடுத்துவிட்டதால் மரண விசாரணை நடந்தாக வேண்டும். அன்று மைதானத்தில் இருந்தவர்களில் மிச்சமிருப்பவர்களை ஒவ்வொருவராகப் பார்த்து வருகிறீர்கள். என்னையும் ஒரு சாட்சியாகத்தான் பார்க்க வந்தீர்கள். பரவாயில்லை. என்றைக்காவது யாராவது கேட்பார்கள் என்றிருந்தேன். கேட்கவில்லை. கேட்காமலே சொல்லிவிடுகிறேன்.

என் பெயர் நீல் ஹெஸ்கெத். கார்ஸ்பி டவுன் அணியில் பதினோரு வருடம் நடுக்களத்தில் ஆடினேன். நான்காம் டிவிஷன். அதற்கும் கீழே போனால், வாரம் முழுக்கச் செங்கல் தூக்கிவிட்டு சனிக்கிழமை பந்து உதைக்கிறவர்கள்தான். அதற்கு முன்னால் ஒரு பெரிய நகரத்து அணியில் இரண்டு வருடம் பயிற்சியில் இருந்தேன். பதினெட்டாவது பிறந்தநாளுக்கு மறுநாள் கூப்பிட்டு, வேண்டாமென்று வெளியே அனுப்பிவிட்டார்கள். "கால் அற்புதமா இருக்குப்பா. ஓட்டந்தான் பத்தல" என்றார் அங்கிருந்தவர். அவர் சொன்னது சரிதான். ஆனால் பந்து ஓடினால் மனிதன் எதற்கு ஓட வேண்டும் என்பது என் எண்ணம். முப்பது கெஜம் தள்ளி ஓடுகிறவனின் காலடியில், அவன் நடையை மாற்றாதபடி பந்தைக் கொண்டுபோய் வைக்க என்னால் முடியும். நான்காம் டிவிஷனில் அதைக் கேட்பதற்கு ஆள் இல்லை.

கார்ஸ்பியில் எப்படி ஆடுவோம் என்று சொன்னால்தான் உங்களுக்குப் புரியும். எங்கள் தடுப்பாட்டக்காரர்கள் பந்தை ஓங்கி முன்னால் அடிப்பார்கள். அவர்களுடைய ஆட்கள் அதைத் திருப்பி அடிப்பார்கள். நடுக்களத்தில் இருப்பவன் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். அப்படி பதினோரு வருடம் நின்றேன். தப்பித்தவறிப் பந்து கீழே வந்து, அதை நான் காலில் வைத்துத் தலையை நிமிர்த்தினால், மேனேஜர் ரான் க்ளெக் எல்லைக்கோட்டிலிருந்து கத்துவார்: "அத என்னடா கொஞ்சிக்கிட்டிருக்க? தூக்கி அனுப்புடா." கோலுக்குப் பின்னால் நிற்கும் கூட்டத்தில் ஒருவன் வாராவாரம், "ஹெஸ்கெத், டீ குடிச்சிட்டியா, பிஸ்கெட் வேணுமா?" என்று கேட்பான். மூவாயிரம் பேர் சிரிப்பார்கள். எட்டாம் நம்பர் சட்டை என் முதுகில் இருக்கும்வரை அதெல்லாம் பெரிய விஷயமில்லை என்று வைத்துக்கொண்டேன்.

நீங்கள் விசாரிக்க வந்த அந்தப் பருவத்தில், அக்டோபரில் டேரன் வந்தான். கூரை ஓடு மாற்றுகிற வேலை செய்துகொண்டிருந்தவன். இருபத்து மூன்று வயது, ஆறடி மூன்று அங்குலம். காலால் அவனுக்கு ஒன்றும் வராது. ஆனால் பந்து காற்றில் இருந்தால் அது அவனுடையது. க்ளெக்குக்கு வேறென்ன வேண்டும்? அவர் என்னிடம் எதுவும் சொல்லவில்லை. ஒரு சனிக்கிழமை உடை மாற்றும் அறைக்குள் போனேன், என் ஆணியில் பன்னிரண்டாம் நம்பர் தொங்கியது. பன்னிரண்டு என்றால் மாற்று ஆள், பெஞ்சு.

டேரனுக்கு கார் ஓட்டத் தெரியாது. என் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி அவன் அம்மாவோடு குடியிருந்தான். ஆகவே தினமும் அவனைப் பயிற்சிக்குக் கூட்டிவரும் பொறுப்பை க்ளெக் எனக்கே கொடுத்தார். ஐந்து மாதம் கூட்டிப்போனேன். காரில் ஏறியதும் பேக்கன் சாண்ட்விச்சைப் பிரிப்பான். சிதறுகிற துணுக்குகளைக் கையால் கூட்டி சன்னல் வழியே போடுவான். நல்ல பையன். ஆட்டம் முடிந்த மறுநாள், "மாப்ள, நேத்து அந்த ரெண்டாவது கோல் வாங்கினோமே, நான் எங்க நின்னிருக்கணும்?" என்று கேட்பான். நானும் சொல்லிக்கொடுப்பேன், சரியாகத்தான் சொல்லிக்கொடுப்பேன். என்னிடமிருந்து ஒன்றை எடுத்துக்கொண்டோம் என்பதே அவனுக்கு உறைக்கவில்லை. அந்த எட்டாம் நம்பர் சட்டை தோள்பட்டையில் பிடிக்கிறது என்று என்னிடமே குறைப்பட்டுக்கொண்டான்.

மார்ச்சில் ஒரு செவ்வாய்க்கிழமை, வெளியூர் ஆட்டம். ஒரு கார்னரில் எதிரணிக்காரன் தலையும் டேரன் தலையும் மோதிக்கொண்டன. அந்த நாட்களில் யாரும் யாரையும் வெளியே எடுக்க மாட்டார்கள். லென் ஹாப்ஸ் ஓடிப்போய் ஈரப் பஞ்சைப் பிழிந்தார். லென்தான் எங்கள் மருத்துவ உதவியாளர்; அதற்கு முன்னால் பஸ் டிரைவர். டேரன் எழுந்து ஆட்டத்தை முடித்தான்.

புதன்கிழமை காரில் அவன் சாண்ட்விச்சைப் பிரிக்கவில்லை. "இன்னைக்கு என்ன கிழமை?" என்றான். புதன் என்றேன். பாலம் தாண்டியதும் மறுபடி, "இன்னைக்கு என்ன கிழமை மாப்ள?" பெட்ரோல் பங்க் அருகே மூன்றாவது தடவை கேட்டான். பிறகு வண்டியை நிறுத்தச் சொல்லி, வேலியோரம் குனிந்து வாந்தி எடுத்தான். வெயில் இல்லாத காலை, ஆனால் கண்ணைத் திறக்க முடியவில்லை அவனால்.

"யார்கிட்டயும் சொல்லிராத. சொன்னா க்ளெக் உட்கார வச்சிருவாரு."

"சொல்லல" என்றேன்.

"சத்தியமா?"

"சத்தியமா சொல்லலடா. முகத்தத் துடை."

இந்த இடத்தில் நீங்கள் ஒன்றைக் குறித்துக்கொள்ள வேண்டும், மேடம். என் அம்மாவின் தம்பி வால்ட்டர் குத்துச்சண்டைக்காரர். ஒரு வெள்ளிக்கிழமை பலமாக அடி வாங்கினார். தலைவலி தீராமலே அடுத்த வாரமும் மேடை ஏறினார். இரண்டாவது சுற்றில் ஒரு சாதாரண அடி. விழுந்தவர் எழவில்லை. டாக்டர் எங்கள் வீட்டுக்கு வந்து அம்மாவிடம் விளக்கினார். முதல் அடியில் மூளை வீங்கியிருக்கும், அது ஆறுவதற்குள் விழுகிற அடுத்த அடி சின்னதாக இருந்தாலே போதும் என்றார். எனக்கு அப்போது பன்னிரண்டு வயது, மாடிப்படியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். ஆக, அந்த வாரம் கார்ஸ்பி டவுனில் இந்த விஷயம் தெரிந்த ஒரே ஆள் நான். லென் ஹாப்ஸைக் குறை சொல்லாதீர்கள். அவருக்குத் தெரியாது.

நான் பொறாமையில் செய்தேன் என்று சுலபமாகச் சொல்லிவிடலாம். யோசித்துப் பாருங்கள். க்ளெக்கிடம் போய் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் டேரனை உட்கார வைத்திருப்பார், எட்டாம் நம்பர் என்னிடம் வந்திருக்கும். பொறாமைக்காரன் அதைத்தான் செய்வான். நானும் புதன், வியாழன் இரண்டு நாளும் அதைப் பற்றி யோசித்தேன். மூன்று வாரம் ஓய்வு. அப்புறம் அவன் நலமாகித் திரும்பி வருவான், சட்டை மறுபடி அவனிடம் போகும். எனக்கு முப்பத்திரண்டு வயதாகியிருந்தது. மூன்று வாரம் எனக்குப் போதவில்லை.

வெள்ளிக்கிழமை பயிற்சியில் பீட் என்ற எங்கள் இன்னொரு நடுக்களக்காரனுக்குத் தொடையில் தசை பிடித்துக்கொண்டது. க்ளெக் என்னைப் பார்த்து, "நாளைக்கு டேரன் பக்கத்துல நீ ஆடு. கார்னர், ஃப்ரீ கிக் எல்லாம் நீயே எடு" என்றார். நான் தேடிப்போகவில்லை. அதுவாக வந்தது.

சனிக்கிழமை மழை. ஆட்டத்துக்கு முன்னால் லென் வந்து டேரன் எதிரில் குந்தினார்.

"செவ்வாக்கிழமை என்ன ஸ்கோருன்னு சொல்லு பாப்போம்."

டேரன் அவரையே பார்த்துக்கொண்டிருந்தான். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. நான் பக்கத்தில் ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்தேன். "அத ஏன்யா ஞாபகப்படுத்தற? மூணு-ஒண்ணு வாங்கிக் கட்டிக்கிட்டத எவன் நெனப்புல வச்சிருப்பான்?" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். டேரனும் சிரித்தான். லென் எழுந்து போய்விட்டார்.

அன்றைக்கு நான் ஆடியதைப் போல அதற்கு முன்னும் ஆடியதில்லை, பின்னும் ஆடியதில்லை. வருடக்கணக்காகத் தரையோடு கொடுத்துப் பழகிய கால். அன்று எல்லாவற்றையும் தூக்கிக் கொடுத்தேன். ஓங்கி அடிப்பது எவனுக்கும் வரும். ஓடிவருகிறவனின் நெற்றிக்கு, அவன் குதிக்கிற உச்சத்தில், அந்த நொடியில் பந்து போய்ச் சேர வேண்டும். காற்று இடமிருந்து வலமாக வீசியது, பந்து நனைந்து கனமாக இருந்தது. இரண்டையும் கணக்கில் எடுத்துக்கொண்டேன். ஒவ்வொரு கார்னரும், ஒவ்வொரு ஃப்ரீ கிக்கும், ஆட்டத்தின் நடுவில் கிடைத்த பந்துகளும் அவனுக்கே. இருபதாவது நிமிடத்தில் ஒன்று கோலாயிற்று. டேரன் தள்ளாடி வந்து என் கழுத்தைக் கட்டிக்கொண்டான்.

"எப்படிடா மாப்ள? பந்து தானா வந்து நெத்தில உட்காருது!"

பிஸ்கெட் வேணுமா என்று கேட்கிறவன் அன்று என் பெயரைச் சொல்லிப் பாடினான். கூட்டமே சேர்ந்து பாடியது. எனக்குக் கண் கலங்கிற்று, மறைக்க வேண்டியதில்லை.

இடைவேளையில் க்ளெக் என் முதுகில் தட்டினார். "இத்தன வருஷமா இதத்தானடா கேட்டேன்? இப்பதான் உனக்குக் காது கேட்டுச்சா?" டேரன் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருந்தான். ஷூவைக் கழற்றியவன் திரும்ப இடம் வலம் மாற்றி மாட்டிக்கொண்டிருந்தான். யாரும் பார்ப்பதற்கு முன்னால் நான் மண்டியிட்டு, கழற்றி, சரியாக மாட்டி, லேஸ் கட்டிவிட்டேன். அவன் என் தலையைத் தடவி, "அம்மா வந்திருக்காங்களா?" என்றான். வந்திருக்காங்க என்றேன்.

எழுபதாவது நிமிடம் வலது பக்கத்தில் ஒரு ஃப்ரீ கிக். அவன் மெதுவாக ஓடிவருவதைப் பார்த்து நானும் கொஞ்சம் தாமதித்துக் கொடுத்தேன். அவனை யாரும் தொடவில்லை. முழங்கை படவில்லை, தலையோடு தலை மோதவில்லை. பந்து மட்டும்தான். நெற்றியில் பட்டு வலைக்குள் போயிற்று. டேரன் மண்டியிட்டு, புல்லில் எதையோ தொலைத்தவன் போல இரண்டு கையாலும் தடவினான். அப்புறம் படுத்துக்கொண்டான். எங்கள் ஆட்கள் ஒருவரும் அவனிடம் போகவில்லை. எல்லோரும் என்னிடம் ஓடிவந்து என் மேல் விழுந்தார்கள். அந்தக் குவியலுக்கு அடியிலிருந்து நான் மட்டும் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு நடந்தது உங்கள் கோப்பிலேயே இருக்கும். மண்டையைத் திறந்தார்கள், உயிர் தப்பியது. பேச்சும் நடையும் போயின. எட்டாம் நம்பர் எனக்கு வந்தது. இரண்டு பருவம் ஆடினேன். க்ளெக் பந்தைத் தலைக்கு மேல் அடிக்கச் சொல்லிக்கொண்டே இருந்தார். தலையால் வாங்குகிற ஆள் இப்போது இல்லாததால் அது யாருக்கும் போய்ச் சேரவில்லை. அந்தக் கூட்டத்து ஆள் மறுபடி பிஸ்கெட் பற்றிக் கேட்க ஆரம்பித்தான். எங்கள் அணி மேலே போகவில்லை. என்னை அணியிலிருந்து அனுப்பிவிட்டார்கள். கம்பளக் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன்.

வியாழக்கிழமைதோறும் டேரனைப் பார்க்கப் போனேன். முதலில் அவன் வீட்டுக்கு, அவன் அம்மா ஐரீன் போன பிறகு பராமரிப்பு இல்லத்துக்கு. முப்பத்திரண்டு வருடத்தில் நான் போகாத வியாழன்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். கஸ்டர்ட் ஊட்டுவேன், முகம் வழிப்பேன். ஐரீன் என் கையைப் பிடித்துக்கொண்டு, "மத்தவங்கல்லாம் ஒரு வருஷத்துல நின்னுட்டாங்கப்பா. உன்ன விட்டா இவனுக்கு யாரு இருக்கா?" என்பார். உள்ளூர்ப் பத்திரிகையில் இரண்டு தடவை என்னைப் பற்றி எழுதினார்கள். அவனிடம் நான் ஆட்டத்தைப் பற்றித்தான் பேசுவேன், எந்த இடத்தில் நின்றிருக்க வேண்டும், பந்தை எப்போது விட வேண்டும் என்றெல்லாம். அவனைப் போலக் குறுக்கே பேசாமல் கேட்டவர்கள் எனக்கு வாய்க்கவில்லை. ஒருமுறை ஓர் ஆரஞ்சுப் பழத்தை அவன் பக்கமாகத் தூக்கிப் போட்டேன். சக்கர நாற்காலியில் இருந்தபடியே கண்ணை மூடி நெற்றியைக் கொடுத்தான். சரியான நேரத்தில். அப்படிப் போட்டது இரண்டு மூன்று தடவைக்கு மேல் இருக்காது.

அவன் சாக வேண்டும் என்று நினைத்தேனா என்று கேட்கிறீர்கள். இல்லை. அவன் ஆடக்கூடாது என்று நினைத்தேன். இன்னொரு அடி பட்டால் செத்துப்போவான் என்று தெரியுமா என்றால், தெரியும். தெரிந்தே செய்தேன், எழுபது நிமிடம் செய்தேன். இதில் எனக்குக் குழப்பம் எதுவுமில்லை, உங்களுக்கும் வேண்டாம்.

எழுதியதைக் காட்டுங்கள். கண்ணாடி இருக்கிறது, நானே படித்துக்கொள்கிறேன். பெயர் சரி. தேதி சரி. லென்னிடம் நான் சொன்னது, ஷூ மாற்றிவிட்டது, எல்லாம் சரி. இந்த ஒரு வரியை மட்டும் திருத்த வேண்டும், திருத்திவிட்டால் கையெழுத்துப் போடுகிறேன். 'அவனுடைய தலையைக் குறிவைத்துத் திரும்பத் திரும்பப் பந்தை அடித்தேன்' என்று எழுதியிருக்கிறீர்கள். அடிக்கவில்லை, மேடம். கொடுத்தேன்.