பன்னெண்டு டவுசர்

பன்னெண்டு டவுசரும் கவட்டுல கிழிஞ்சிபோச்சி தம்பி. ஒன்னு கூட தப்பல. நகந்து குந்து, பஸ்ஸு குலுங்குதுன்னு மூட்டைய மிதிக்காத. அதான் உள்ள இருக்குது.

இன்னா பாக்கற? நான் தனசேகரன். கச்சிராயபாளையத்துல நாப்பது வருசமா ஜென்ஸ் டைலரு. வெள்ளிமல பொண்ணுங்க ரக்பி ஆடுதுங்க. தெரியாதா? முட்ட மாதிரி பந்து. மூணு பேரு தோள்மேல கைபோட்டு குனிஞ்சி, எதுத்தாப்புல மூணு பேர முட்டித் தள்ளணும். நான் தச்சிக்குடுத்த டவுசர போட்டுக்கினு முந்தாநேத்து பயிற்சியில குனிஞ்சிதுங்க. டர்ருன்னு சத்தமாம். துப்பட்டாவ இடுப்புல சுத்திக்கினு வூட்டுக்குப் போச்சிங்களாம். இன்னிக்கு பத்து மணிக்கு கள்ளக்குறிச்சியில மேட்ச்சு. டவுசரு இல்லன்னா டீமே இல்ல.

சிரிக்காத. உன் பேண்ட்டு மடிப்பு எந்த லட்சணத்துல இருக்குதுன்னு நான் கேட்டனா?

துணி மேல தப்பில்ல. புடிச்சி இழுக்கற ஆட்டம், நைசு துணி தாங்காதுன்னு கெட்டி காட்டன் டிரில்லு எடுத்தேன். டபுள் தையலு. எலாஸ்டிக்கு பத்தாதுன்னு நாடா வேற. பாக்கெட்டு கூடாதுன்னாரு அவங்க வெளையாட்டு சாரு, வெரலு மாட்டி ஒடியுமாம். சரி, வைக்கல. பாக்கெட்டு இல்லாம தச்சா கையி கூசுது... அத வுடு.

சார் மேலயும் தப்பில்ல. கொஞ்சம் இருக்குது. அளவுக்கு ஒரு பழைய டவுசரு குடுத்தாரு. ரெண்டு காலும் சேர்ற எடத்துல சாய்சதுரமா ஒரு துண்டு. நான் இன்னா நெனைப்பேன்? கிழிஞ்சி ஒட்டு போட்டிருக்காங்கன்னு நெனச்சேன். புதுத்துணிக்கு எதுக்கு ஒட்டு? வுட்டுட்டேன். பன்னெண்டுலயும் வுட்டுட்டேன்.

அந்தத் துண்டு இல்லாம நாலு தையலும் ஒரே புள்ளியில வந்து நின்னா, கால அகட்டும்போது அந்தப் புள்ளிதான் வாயப் பொளக்கும். நேத்து காலையில மூட்ட திரும்பி வந்துச்சி. மொறச்சிக்கினே குந்தியிருந்தேன்.

எதுத்த கடையில ஜாக்கெட்டு தைக்கிற பொம்பள வந்துச்சி. பழைய டவுசர உள்பக்கம் திருப்பிச்சி. "யோவ், இது ஒட்டு இல்ல. கையத் தூக்கறதுக்கு ஜாக்கெட்டு கக்கத்துல நான் வைக்கிறேனே, அதே துண்டு"ன்னுச்சி. ஜாக்கெட்டு தைக்கிறதெல்லாம் ஒரு தையலான்னு ஊரு பூரா சொல்லிக்கினு இருந்தவன் நான். நான் தையலப் பிரிச்சேன், அது துண்டு வச்சித் தச்சிது. பொழுது சாயறதுக்குள்ள பன்னெண்டும் முடிஞ்சிது.

யாரு சரி பண்ணதுன்னு சாரு கேப்பாரு. நான்தான்னு சொல்லலாம்னுதான் பஸ்ஸு ஏறுனேன். நீ எங்க எறங்கற? கிரவுண்டுக்கா? மேட்ச்சு பாக்கவா?

கிரவுண்டுக்குத்தான் வர்றேன்னு மொதல்லயே சொல்லக்கூடாதா, எல்லாத்தயும் உங்கிட்ட ஒளறிட்டேனே. சரி, இந்த மூட்டைய ஒரு கை புடி. சார் கேட்டா நானே சொல்லிடறேன். சரி பண்ணது எதுத்த கடை சாலம்மாள்.