செவலையின் தடத்தைப் பார்த்த மேஸ்திரி செங்கம்மா

இந்த இரங்கல் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் தொழிலாளர் சங்கத் தலைவர் நாகபூஷணம் ஐயா அவர்களே, இதற்கென்றே திருப்பதியிலிருந்து வந்திருக்கும் கால்நடை மருத்துவர் ஹரிதா அம்மா அவர்களே, பண்ணை மேனேஜர் சார் அவர்களே, வரதய்யபாளையத்திலிருந்தும் சத்தியவேட்டுப் பக்கத்திலிருந்தும் பிழைப்புக்காக இந்தப் பலமனேர் மேட்டுக்கு ஏறி வந்து லைன் வீடுகளில் குடியிருக்கும் என் உறவுகளே, முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் ரத்தினம்மா அத்தையே, எல்லோருக்கும் வணக்கம்.

என் பெயர் யமுனா. புல் மிதிக்கும் பொன்னியம்மாவின் மகள். சத்தியவேட்டு விடுதியில் தங்கிப் படிக்கிறேன். பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதிவிட்டு வந்திருக்கிறேன். படித்த பெண் நாலு வார்த்தை பேசட்டும் என்று ஐயா என்னை அழைத்தார். நான் என்ன பேசப்போகிறேன் என்பது என் அம்மாவுக்குக்கூடத் தெரியாது. எனக்குப் பயமாக இருக்கிறது. அதனால் எழுதி வைத்ததைப் பார்த்தே படிக்கிறேன். நடுவில் யாரும் நிறுத்தச் சொல்லாதீர்கள். நிறுத்தினால் மறுபடி தொடங்க எனக்குத் தைரியம் வராது.

இன்று நாம் யாருக்காகக் கூடியிருக்கிறோம்? மேஸ்திரி செங்கம்மா அவர்களுக்காக! ஆமாம், மேஸ்திரி. இரண்டு வருடமாக இந்த லைனில் யாரும் அவரை அப்படிக் கூப்பிடவில்லை. "பாத்தும் வாயத் தொறக்காதவ" என்பதுதான் அவருக்கு நாம் வைத்த பெயர். நான்கு நாள் காய்ச்சலில் சித்தூர் ஆஸ்பத்திரியில் கண்ணை மூடியபோதும் அந்தப் பெயரைச் சுமந்துகொண்டுதான் போனார். அந்தப் பெயர் பொய். அதைச் சொல்லத்தான் நான் வந்திருக்கிறேன்.

வெளியூரிலிருந்து வந்திருப்பவர்களுக்காகச் சிலவற்றை விளக்கிவிடுகிறேன். தக்காளி விளைந்த இந்த நிலத்தை ஒன்பது வருடத்துக்கு முன் பெங்களூரு கம்பெனிக்காரர் ஒருவர் வாங்கிக் குதிரைப் பண்ணை ஆக்கினார். பந்தயக் குதிரைகளை இங்கே பழக்கி, தயாரானதும் வண்டியில் ஏற்றிப் பெங்களூருக்கும் சென்னைக்கும் அனுப்புகிறார்கள். காலையில் குதிரைகள் புல்தரையில் ஓடும்போது குளம்பு பட்டு மண்ணோடு புல் பெயர்ந்துவிடும். அதை எடுத்துக் குழியில் வைத்துக் காலால் மிதித்து அமுக்க வேண்டும். பதினோரு பெண்களுக்கு அதுதான் வேலை.

செங்கம்மா பெரியம்மா முதல் நாள் வேலைக்கு வந்தபோது, குதிரை கனைத்த சத்தத்தில் பயந்து தண்ணீர் டேங்கர்மேல் ஏறிக்கொண்டாராம். இறக்குவதற்கு மூன்று பேர் வேண்டியிருந்தது என்று என் அம்மா இப்போதும் சொல்லிச் சிரிப்பார். அப்படிப் பயந்தவர்தான் பிறகு என்ன செய்தார்? எல்லோரும் குழியை மூடினார்கள். மேஸ்திரி செங்கம்மா மூடுவதற்கு முன் குழியைப் பார்த்தார்!

குளம்பு பட்ட பள்ளத்தில் கால் கட்டைவிரலை விட்டு ஆழம் பார்த்தார். நான்கு கால்களும் ஒரே மாதிரி பதிந்திருக்கின்றனவா, ஒன்று மட்டும் மேலோட்டமாகப் பட்டிருக்கிறதா என்று பார்த்தார். குதிரைகள் நடந்து போய்வரும் மணல் பாதையையும் பார்த்தார். வலியில்லாத குதிரை நடந்தால் பின்னங்கால் தடம் முன்னங்கால் தடத்தைத் தாண்டி விழும். வலி இருந்தால் எட்டாமல் பின்னாலேயே விழுந்துவிடும். இதை அவருக்குச் சொல்லிக் கொடுத்தது யார்? யாருமில்லை. ஒரு தடத்தைப் பார்த்துவிட்டு லாயத்துக்குப் போய், அந்தக் குதிரை தீனியை முழுசாகத் தின்றதா, மிச்சம் வைத்ததா என்று கேட்பார். ஓடி முடித்தபின் அதற்கு மூச்சு அடங்க எத்தனை நேரம் ஆனது என்று ஓட்டியவரிடம் கேட்பார். மறுநாள் மறுபடியும் தடத்தைப் பார்ப்பார். ஏழு வருடம் இப்படி!

லாயத்து ஆட்கள் கிண்டல் செய்வார்கள்.

"இன்னாக்கா, ஞாயித்துக்கெழம எது ஜெயிக்கும்? சொல்லேன், நாங்களும் பங்களா கட்டிக்கினு குந்துவோம்."

"எது ஜெயிக்கும்னு எனுக்கின்னாடா தெரியும்? எது ஓடக்கூடாதுன்னுதான் தெரியும். அதுக்கு எவன்டா ஒனுக்கு பங்களா குடுப்பான்?"

ஒரு தடவைகூட அவர் எந்தக் குதிரைமேலும் பந்தயம் கட்டியதில்லை. ஆனால் ஆபீசில் எறியும் ரேஸ் புத்தகத்தை எடுத்து வைத்திருந்து, நான் விடுமுறைக்கு வரும்போது படிக்கச் சொல்வார். அதில் குதிரையின் பெயர், சுமக்கும் எடை, ஓடும் தூரம் எல்லாம் இருக்கும். பக்கத்தில் ஐந்து எண்கள் இருக்கும். கடைசி ஐந்து ஓட்டங்களில் அது எத்தனையாவதாக வந்தது என்று அவை சொல்லும். நான் படிப்பேன். அவர் தரையில் பார்த்ததோடு ஒத்துப் பார்ப்பார். "மண்ணும் காயிதமும் ஒண்ணாச் சொன்னாத்தான் அது ரெடி" என்பார். எட்டாம் வகுப்புப் பெண்ணை நம்பி ஒரு மேஸ்திரி கேட்கிறார்! எனக்குத் தலைகால் புரியாத பெருமை.

இனி அந்த ஏப்ரல் காலையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

இரண்டு வருடத்துக்கு முன், செவலை என்று நாம் கூப்பிட்ட குதிரையை வேகமாக ஓட்டிப் பார்க்க வேண்டிய நாள் அது. நன்றாக ஓடினால் மறுநாள் பெங்களூருக்கு வண்டி. ஓட்டுகிறவர் ஹரிபாபு அண்ணன், ரத்தினம்மா அத்தையின் மூத்த மகன். செவலை மைதானத்துக்கு நடந்துபோன தடத்தைப் பார்த்ததும் பெரியம்மா அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டார். என்னைக் கூப்பிட்டார்.

"யமுனா, இங்க வா. வலது பின்னங்காலு எட்டல பாரு. நாலு வெரலு பின்னாலயே வுயுது. மேனேஜர்கிட்ட சொல்லி நிறுத்தச் சொல்லட்டா? காயிதம் இன்னா சொல்து, பாத்துச் சொல்லு."

நான் புத்தகத்தைப் புரட்டினேன். செவலையின் பெயருக்குப் பக்கத்தில் ஒன்று, ஒன்று, இரண்டு, ஆறு, பூஜ்யம் என்று இருந்தது.

"இப்பதான் பெரிம்மா, வரிசையா ரெண்டு வாட்டி ஜெயிச்சிகீது. முன்னதான் மோசமா இருந்துச்சி. இப்ப சூப்பரா கீது."

"நல்லா பாத்தியா?"

"பாத்தேன் பெரிம்மா. எனுக்கு இங்கிலீசு தெரியாதா?"

அவர் மறுபடியும் தடத்தைப் பார்த்தார். "அப்ப ஏங் கண்ணுதான் சரியில்ல போல. படிச்ச பொண்ணு நீ சொல்ற" என்று எழுந்தார். புடவையில் ஒட்டிய மணலைத் தட்டிவிட்டு வேலைக்குப் போனார்.

கால் மணி நேரத்தில், வளைவில் செவலை மடங்கி விழுந்தது. அடியில் ஹரிபாபு அண்ணன். செவலையை எழுப்பவே முடியவில்லை. அண்ணன் பிழைத்தார். ஆனால் குதிரை ஏறிய அந்தக் கால் இன்று ஊன்றுகோல் இல்லாமல் பத்தடி நடக்காது.

பெரியம்மா தடத்தருகே உட்கார்ந்திருந்ததை, கூடப் புல் மிதிக்கும் சென்னம்மா அக்கா தூரத்திலிருந்து பார்த்திருந்தார். அன்று சாயங்காலம், ரத்தினம்மா அத்தை, நீங்கள் செங்கம்மா வீட்டு வாசலில் நின்று கேட்டீர்கள். "குந்திக்கினு பாத்தியேடி! எம் புள்ள அதும்மேலதான் போறான்னு தெரிஞ்சும் வாயத் தொறக்கலியேடி, பாவி!" நீங்கள் கேட்டது தப்பில்லை. பெற்றவள் வேறு என்ன கேட்பாள்? செங்கம்மா தலை குனிந்தார். பதில் சொல்லவில்லை. அவருக்கு இரண்டடி தள்ளி நான் நின்றிருந்தேன். நானும் சொல்லவில்லை.

அடுத்த வாரப் புத்தகம் வந்தது. முந்தைய ஞாயிறு நம் பண்ணைக் கறுப்புக் குதிரை ஒன்று ஜெயித்திருந்தது. அதன் எண்களைப் பார்த்தேன். புதிதாகச் சேர்ந்த 'ஒன்று' என்ற எண் வலது ஓரத்தில் இருந்தது! இடது ஓரத்திலிருந்த பழைய எண் போய்விட்டிருந்தது. புதிய செய்தியை முதலில்தானே எழுதுவார்கள் என்று நானாக முடிவு செய்துகொண்டு, எல்லாவற்றையும் தலைகீழாகப் படித்திருக்கிறேன். செவலை ஜெயித்த இரண்டும் பழைய கதை. கடைசிக்கு முந்தைய ஓட்டத்தில் ஆறாவது. கடைசி ஓட்டத்தில் பூஜ்யம். முதல் ஒன்பது இடங்களுக்குள் வராவிட்டால்தான் பூஜ்யம் போடுவார்கள். காகிதமும் அன்று மண் சொன்னதையே சொல்லியிருக்கிறது. இந்தக் குதிரை தயாராக இல்லை என்று!

பார்த்தும் வாய் திறக்காதவரா செங்கம்மா? இல்லை. அவர் பார்த்தார். வாயைத் திறந்தார். என்னிடம் சொன்னார். அந்த வாயை மூட வைத்தது என் படிப்பு.

ரத்தினம்மா அத்தை, ஹரிபாபு அண்ணா, அது நான்தான்.

அந்தப் புத்தகத்தைப் பார்த்த அன்றே அழுதுகொண்டு பெரியம்மாவிடம் ஓடினேன். எல்லோரிடமும் சொல்லிவிடுகிறேன் என்றேன்.

"சொல்லி? இன்னிக்கி என்ன தூத்தறாங்க, நாளைக்கி உன்ன தூத்துவாங்க. பொட்டப் புள்ளைக்கு படிப்பு எதுக்குன்னு ஒங்க நைனா இப்பவே கேட்டுக்கினு கீறாரு. அவரு கைல இதையும் குடுக்கச் சொல்றியா? நீ ஆஸ்டலுக்குப் போ. எந்தப் பக்கத்துலேர்ந்து படிக்கணும்னு கத்துக்கினியா? அது போதும்."

"உங்க பேரு பெரிம்மா?"

"புல்லு மிதிக்கறவளுக்கு பேரு எதுக்குடி?"

நான் விடுதிக்குப் போனேன். ஒளிந்துகொண்டேன். அவர் இங்கேயே நின்றார்.

எப்படி நின்றார்? மேஸ்திரி வேலை சென்னம்மா அக்காவுக்குப் போய்விட்டது. வேலைக்குப் போகும்போது அவரோடு சேர்ந்து நடக்கவும் ஆள் இல்லை. ஆனாலும் தினமும் காலை ஐந்தரைக்கு மைதானக் கம்பி ஓரம் நின்று, கண்ட தடத்தை எல்லோர் காதிலும் விழும்படி கத்திச் சொல்லத் தொடங்கினார். மேனேஜர் சார், நீங்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. "ஏமம்மா, நுவ்வு டாக்டரா?" என்று தெலுங்கில் கேட்டீர்கள்.

"டாக்டரு இல்ல சார், மிதிக்கறவ. அந்த நாலாவது லாயத்துக் குதிரைய இன்னிக்கி ஓட்டாதீங்க" என்றார்.

மூன்று நாள் வேலைக்கு வர வேண்டாம் என்று அனுப்பினீர்கள். நாலாம் நாள் அதே கம்பி ஓரத்தில் நின்று அதே குதிரையைச் சொன்னார். ஹரிதா அம்மா, நீங்கள் வந்து தொட்டுப் பார்த்து, கால் நரம்பு சூடாக வீங்கியிருக்கிறது என்று சொன்னது உங்களுக்கு நினைவிருக்கும். அதன்பிறகு மேனேஜர் சாரே, "செங்கம்மா ஏமண்டுந்தி?", செங்கம்மா என்ன சொல்கிறார், என்று கேட்டுவிட்டுத்தான் குதிரையை வெளியே விட்டார். அப்படிக் கேட்டதற்கு சாருக்கு நன்றி சொல்கிறேன்.

இரண்டு வருடத்தில் அவர் ஏழு குதிரைகளை நிறுத்தினார். அதில் இரண்டு முறை அவர் நினைத்தது தப்பு. குதிரைக்கு ஒன்றுமில்லை. அந்த இரண்டில் ஒன்று, ஹரிபாபு அண்ணனின் தம்பி யஸ்வந்த் ஓட்ட வேண்டிய குதிரை. "மூத்தவன் காலத் துன்னா, எளையவன் வேலையையும் துன்றா" என்று அத்தை, நீங்கள் குழாயடியில் சொன்னீர்கள். பெரியம்மா அதைக் கேட்டார். "தப்பா நிறுத்துனா ஒரு நாள் வேல போவும். தப்பா வுட்டா?" என்று என் அம்மாவிடம் மட்டும் சொன்னாராம். யஸ்வந்த் ஏறப்போகும் குதிரையின் தடத்தை மட்டும் அவர் போய்த் திரும்பி வந்து இரண்டு முறை பார்ப்பார். கூட வேலை செய்த பெண்களைக் கேட்டுப் பாருங்கள், சொல்வார்கள்.

வருகிற திங்கட்கிழமை நான்கு குதிரைகளை ஓட்டிப் பார்க்கப்போகிறார்கள். ஒன்றில் யஸ்வந்த். கம்பி ஓரம் காலியாக இருக்கிறது. "இனிமே கத்தறதுக்கு ஆளு இல்ல, நிம்மதி" என்று ஒருவர் பேசிக்கொண்டு போனதை நான் கேட்டேன். நிம்மதியா? யாருக்கு நிம்மதி?

அந்த இடத்தில் நான் நிற்பேன்! பெரியம்மாவின் கண் எனக்கு இல்லை. ஆனால் மிதிக்கும் பத்துப் பெண்களுக்கும் கண் இருக்கிறது. சென்னம்மா அக்கா, அன்று அவர் தடத்தைப் பார்த்ததை நீங்கள் பார்த்தீர்கள். இனி தடத்தையே பாருங்கள். பார்த்ததை என்னிடம் சொல்லுங்கள், நான் கத்துகிறேன். காகிதத்தையும் படிப்பேன். ஆனால் நீங்கள் மண்ணைப் பார்த்துச் சொன்ன பிறகுதான் படிப்பேன். காகிதம் எவ்வளவு நன்றாக இருந்தாலும், மண் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். மேனேஜர் சார் என்னை உள்ளே விடாவிட்டால் கேட்டுக்கு வெளியே நின்று கத்துவேன். ஜூனில் பள்ளி திறப்பதற்குள் அந்த ஐந்து எண்களை எப்படிப் படிப்பது என்று பத்துப் பேருக்கும் சொல்லிக் கொடுத்துவிடுவேன். நைனா, இதைக் கேட்டுவிட்டு நீங்கள் என்னைத் திரும்பப் படிக்க அனுப்பாமல் போகலாம். அப்படியென்றால் ஜூனுக்குப் பிறகும் நானே நிற்கிறேன்.

அத்தை, என்னை மன்னியுங்கள் என்று கேட்க எனக்குத் துணிவில்லை. இந்தப் பேச்சு முடிந்ததும் படத்துக்குப் பூப்போட ஒவ்வொருவராகக் கூப்பிடுவார்கள். நீங்கள் எழுந்திருக்க மாட்டீர்கள் என்று லைனில் எல்லோரும் சொல்கிறார்கள். எழுந்திருங்கள் அத்தை. முதல் பூ உங்களுடையதாக இருக்கட்டும். மேஸ்திரி செங்கம்மாவுக்கு அதைப் போடுங்கள். பிறகு, அன்று அவரைக் கேட்டதை என்னைக் கேளுங்கள். இந்த முறை பதில் சொல்ல ஆள் இருக்கிறது. நீங்கள் வரும்வரை இந்த இடத்தை விட்டு நான் நகர மாட்டேன்.