தேய்ந்த புஷ்

வண்டியைக் கிளப்பும் செல்ஃப் மோட்டாருக்குக் கறுப்பு பெயின்ட் அடித்துக் கொடுத்தால் பாதிப் பேர் வேலை சுத்தம் என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள், சாப். உள்ளே என்ன இருக்கிறது என்று எவனும் பார்ப்பதில்லை. அதனால்தான் ஆண்டாப் ஹில்லில் எங்கள் பக்கத்துக் கடைகளில் ஒரு வழக்கம் உண்டு. கழற்றிய பழைய சாமானைப் பேப்பரில் மடித்து வண்டிக்காரர் கையில் கொடுத்துவிடுவோம். புதிது போட்டாயிற்று என்பதற்கு அதுதான் சாட்சி.

என் மகன் பூலோகம் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றும் ஆம்னி வேனும் என்னைப் போலக் கிழடுதான். போன மாதம் செல்ஃப் இழுக்கவில்லை. மோட்டாரைக் கழற்றி, மண்ணெண்ணெயில் கழுவி, புது கார்பன் போட்டேன். சுற்றுகிற தண்டைத் தாங்க உள்ளே ஒரு பித்தளை வளையம் இருக்கும், புஷ் என்போம். அதுவும் தேய்ந்திருந்தது. புதிதை எடுத்து வைத்திருந்தேன்.

அப்போதுதான் சொன்னான்.

"யப்பா, பாண்டுப்ல ரூம் பாத்துட்டேன். இசக்கிக்கு அவ அம்மா வீடு பக்கம். பிரசவத்துக்குப் பொறவு அங்கனயே இருந்துருவோம்."

"நான்?"

"நீங்க இங்க கடையப் பாத்துக்கிடுங்க. ஞாயித்துக்கெழமை வாரேன்லா."

அவன் அம்மா போன பிறகு நான் வடித்ததெல்லாம் அவனுக்கான சோறு. இனி விருந்தாளி மாதிரி வருவானாம். பெத்த மனம் பித்து, பிள்ளை மனம் கல்லு என்று சும்மாவா சொன்னார்கள்? எனக்குப் பயமாக இருந்தது, சாப். தனி ஆள் செத்துக் கிடந்து, நாற்றம் வந்த பிறகு கதவை உடைத்ததை நாங்கள் வரிசையாகக் குடியிருக்கும் சாலிலேயே பார்த்திருக்கிறேன்.

தேய்ந்த புஷ்ஷையே திரும்ப மாட்டினேன். வேறொரு மோட்டாரின் பழைய புஷ்ஷைப் பேப்பரில் மடித்து அவனிடம் கொடுத்தேன். பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. பெற்ற அப்பனைப் போய் யார் சோதிப்பார்கள்?

அப்படிப்பட்ட மோட்டார் குளிர்ந்திருந்தால் எடுக்கும். சூட்டில் பிடித்துக்கொள்ளும். கொஞ்ச நேரம் ஆறவிட்டால் தானாக எடுக்கும். எனக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது. நாலு இடத்தில் நிற்கட்டும், அப்பன் இல்லாமல் ஆகாது என்று புரியட்டும் என நினைத்தேன். வேறு கெட்ட எண்ணம் கிடையாது.

நிறைமாத மருமகள் இசக்கியைப் பிரசவத்துக்கு அவள் அம்மா வீட்டில் விட ஏற்றிக்கொண்டு கிளம்பினான். நல்ல மழை. விக்ரோலிப் பக்கம் ஹைவேயில் டிராபிக் ஜாம். வண்டி நின்றால் எஞ்சினை அணை, பெட்ரோல் மிச்சம் என்று அவனுக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான். அணைத்திருக்கிறான். ஜாம் விட்டதும் மற்ற வண்டிகள் போய்விட்டன. இவன் வண்டி எடுக்கவில்லை.

போன் அடித்தது. அவன் பெயரைப் பார்த்ததும் சந்தோஷப்பட்டேன், மறைக்கவில்லை. "கொஞ்சம் ஆறட்டும்ல" என்று ஒரு வார்த்தை போதும். தவிக்கட்டும் என்று விட்டேன். மறுபடி அடித்தது. டீ குடித்துக்கொண்டிருந்தேன், எடுக்கவில்லை.

அடுத்த தடவை எடுத்தபோது யாரோ ஹிந்தியில் பேசினார்கள். பூலோகம் ஸ்டியரிங்கில் இருக்க, பின்னாலிருந்து தள்ளி தக்கா கொடுக்க இசக்கி இறங்கியிருக்கிறாள். பின்னால் வந்த டெம்போ மழையில் அவளைப் பார்க்கவில்லை. அங்கேயே போய்விட்டாள், வயிற்றுப் பிள்ளையும் தங்கவில்லை. நல்ல பெண்தான், பொறுமை கிடையாது. நிறைமாதத்தில் யாராவது வண்டி தள்ளுவார்களா?

டெம்போக்காரனை விட்டுவிடுங்கள். அவனுக்கும் பிள்ளைகள் இருக்கும். வண்டியை நிற்க வைத்தது நான். போன் எடுக்காததும் நான். வாக்குமூலமாக எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

பூலோகத்திடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள். பாண்டுப் ரூமை வேண்டாமென்று சொல்லிவிட்டு என்னோடு வந்துவிட்டான். நான் உருட்டிக் கொடுத்தால்தான் ஒரு வாய் சாப்பிடுகிறான். என்னைச் சீக்கிரம் அனுப்பிவிடுங்கள், சாப். பாவம், என்னை விட்டால் அவனுக்கு யார் இருக்கிறார்கள்?