கடைசி நடையின் பாரத்தை எது இழுக்கும்?

போன பூண்டு அறுவடைக்கு முன்னால், இந்தக் கவுஞ்சி விவசாயிகள் சங்கம் எனக்கோர் அநியாயம் செய்தது. மூட்டை வண்டியை நன்றாக இழுத்துக்கொண்டிருந்த என் எண்ணெய் அழுத்த எந்திரத்தை, என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் கழற்றி, கொட்டகைக்குப் பின்னால் மழையில் போட்டது. அதைச் சொல்லாமல் வணக்கம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சொல்லிவிட்டேன். இனி வணங்குகிறேன்.

கழற்றச் சொல்லி ஆணையிட்டவரும், இன்று எனக்கு மேடை தந்தவருமான சங்கத் தலைவர் ராஜமுருகன் அவர்களே! பனியையும் பன்றியையும் பகைத்துப் பயிர் வளர்த்த பெரியோர்களே! பள்ளத்தில் விளைந்ததைப் பாதைக்குச் சுமந்து பாதம் தேய்ந்த தாய்மார்களே! பொறியியல் படித்துவிட்டு ஊருக்கே திரும்பி வந்த நம் பிள்ளை தாரணி அவர்களே! எல்லோருக்கும் இராமலிங்கத்தின் வணக்கம்.

இன்று நம் முன் இருப்பது ஒரே கேள்வி. அடிவயலிலிருந்து சாலைக்கு மூட்டை ஏற்றும் தண்டவாள வண்டியை எது இழுப்பது? என் எந்திரத்தின் இடத்தில் வைத்து எரிந்துபோன மின்மோட்டாருக்குப் பதில், தலைவரின் தீர்மானப்படி இன்னொரு பெரிய மின்மோட்டாரா? என் எண்ணெய் எந்திரமா?

நான் மின்சாரத்துக்குப் பகைவன் என்று யார் சொன்னது? கேரட் கழுவும் எந்திரத்துக்கு மின்சாரமே மகாராணி! சீராகச் சுற்றும், சுத்தமாகச் சுற்றும், சுவிட்சைத் தட்டியதும் சுற்றும். அங்கே ஒரு சொட்டு எண்ணெய் வந்தாலும் நானே சண்டைக்கு வருவேன். ஆனால் மேட்டில் பாரம் இழுப்பது வேறு வேலை. வேலையைப் பார்த்தல்லவா விசையைத் தேர்ந்தெடுக்க வேண்டும்?

மின்மோட்டார் வைத்தவர் மூட்டைகளின் எடையைச் சரியாகவே கணக்கிட்டார். நம் கடைசி நடையை அவர் பார்க்கவில்லையே! பொழுது சாயும் நேரம், கடைசி நடையில் நாம் எதைத்தான் ஏற்றாமல் விட்டோம்? மிஞ்சிய மூட்டை, நனைந்த புல்லுக்கட்டு, விறகு, மண்வெட்டி, மருந்தடிக்கிற டேங்க்... சிரிக்காதீர்கள்! ஏற்றியது நீங்கள்தான்! மோட்டார் எரிந்த அன்று வண்டிக்குப் பொறுப்பாக நின்ற மணிமேகலை சொன்னதை அப்படியே சொல்கிறேன்.

"ஏலே முத்துராஜு, போதும்டா, மோட்டாரு முனகுதுன்னு கத்துறேண்ணே. அவன், 'இன்னொரு நடைக்கு எவன் நிப்பான், வெரசா ஏத்துக்கா'ங்குறான். பாதி மேட்டுல உர்ருன்னு நின்னுச்சு. ஒரே பொகை. அம்புட்டுத்தேன். வண்டி நடு மேட்டுல கெடக்கு. அன்னைக்கித் தலையில வெச்ச சுமைதான், அறுவடை முடியிற வரைக்கும் எறக்கலங்க."

ஏன் நின்றது? அதே நேரத்தில்தான் விடுதிகளில் எல்லாம் வெந்நீர் ஹீட்டர் போடுகிறார்கள். நம் கம்பியில் மின் அழுத்தம் சரிகிறது. இழுக்க முடியாத மோட்டார் சும்மா நிற்காது, சூடேறும், எரியும்!

பின்வரிசையில் என்ன சத்தம்? "பெருசு, ரெண்டு மடங்கு பெரிய மோட்டாரா வாங்கிட்டா சோலி முடிஞ்சுச்சு" என்கிறீர்களா? தம்பி, அந்தப் பெரிய மோட்டாருக்கும் இதே ஒல்லிக் கம்பியிலதானப்பா கரண்டு வரணும்? அது இன்னும் அதிகமால்ல கேக்கும்?

என் எந்திரத்தில் டீசல் எஞ்சின் எண்ணெயை அழுத்தும். எண்ணெய் உருளையைச் சுழற்றும். உருளை கயிற்றை இழுக்கும். பாரம் மீறினால்? ஒரு வால்வு திறந்து எண்ணெய் தொட்டிக்கே திரும்பும். வண்டியை பிரேக் கவ்வும். எரியாது, உடையாது, உருளாது! ஒரு மூட்டையை இறக்குங்கள், மறுபடி ஏறும். பிடிவாதக்காரர்களுக்கு ஏற்ற பிடிவாத எந்திரம்!

ஒழுகியது என்றுதானே கழற்றினீர்கள்? ஒழுகியது. ஒரு வாஷர் தேய்ந்தால் வாஷரை மாற்றுவதா, எந்திரத்தையே மாற்றுவதா? தாரணியின் கேள்வி வேறு: "உறைபனியில எண்ணெய் கெட்டியாகி இறுகிடுமே, பெரியப்பா?" கேள்வி என்றால் அது கேள்வி! குளிர்காலத்துக்கு இளகிய எண்ணெய். காலையில் வெள்ளனே கொஞ்ச நேரம் பாரமில்லாமல் ஓட்டுவது. இரண்டையும் சேர்ந்தே முடிவு செய்தோம்.

பெருமாள்மலைப் பட்டறையில் பழைய பொக்லைன்களைப் பிரித்துப் பிரித்தே படித்தவன் நான். எவரோ எங்கேயோ சமதரைக்குச் செய்த எந்திரத்துக்கு நாம் ஏன் தலைகுனிய வேண்டும்? நம் மேடு, நம் மழை, நம் மூட்டை, நம் கடைசி நடை! அத்தனையும் அறிந்து இந்த மலையிலேயே பிறந்த எந்திரம் என்று மார்தட்டிச் சொல்வேன்!

பொறுமையாகக் கேட்டவர்களுக்கும், பொறுமையிழந்து மணியடித்த தலைவருக்கும் நன்றி. இனி நடக்க வேண்டியவை: தலைவர் பெரிய மோட்டார் தீர்மானத்தை இன்றே திரும்பப் பெற வேண்டும். தாரணி, எண்ணெய் பூண்டின் பக்கம் வராதபடி அடியில் தகரத் தட்டு அமைக்க வேண்டும். முத்துராஜ் புல்லுக்கட்டைத் தனி நடையில் அனுப்ப வேண்டும். வாஷரை நான் மாற்றுகிறேன். எந்திரத்தை ஓட்டி நிறுத்தும் லீவர் மணிமேகலையின் கையில் இருக்க வேண்டும். அவர் போதும் என்றால் போதும். நீங்கள் கைதட்ட வேண்டாம், கை தூக்குங்கள். தலைவர் எண்ணட்டும். எண்ணி முடிக்கும் வரை மைக் என்னிடம்தான் இருக்கும். வணக்கம்.