கோவிந்தன் ஏன் படுக்கவில்லை

"படு! படுடா கோவிந்தா!"

கத்துவது நான்தான். தொண்டை கிழிகிறது. எழுபத்தொன்று டிசம்பர். பாகிஸ்தான் போர், கிழக்கு முனை. விடிந்து ஒரு மணி நேரம் இருக்கும். சதுப்பில் கிடக்கிறோம். அரை முழம் தண்ணீர். தொலைவில் 'டொப்' என்று ஒரு சத்தம். மோர்ட்டார். எண்ணத் தொடங்குகிறேன். பதினொன்றில் குண்டு விழுகிறது. சேறு தென்னை உயரத்துக்கு எழும்புகிறது. இடையில் இயந்திரத் துப்பாக்கி. காட்டுத் தீயில் மூங்கில் வெடிப்பதுபோல. மறுபடி 'டொப்'. மறுபடி எண்ணுகிறேன்.

கோவிந்தன் படுக்கவில்லை. எட்டடி தள்ளி மண்டியிட்டிருக்கிறான். நான் ஒன்பது எண்ணும்போது சாய்ந்தான். குண்டு அல்ல. தோட்டா. கழுத்தில்.

நாங்கள் மூவரும் ஜவ்வாது மலைக்காரர்கள். நான், கோவிந்தன், சடையன். ஒரே நாளில் ஒடுகத்தூருக்கு இறங்கிப் போய்ப் பட்டாளத்தில் சேர்ந்தோம். நான் மட்டும் திரும்பி மலை ஏறினேன். கோவிந்தனின் மனைவி காளியம்மாளிடம் போய் நின்றேன். "படுன்னு கத்தனேன். அவன் படுக்கல" என்றேன். பொய்யில்லை. மீதியைத்தான் சொல்லவில்லை. ஏழு வருடம் சொல்லவில்லை.

எழுபத்தொன்பது. புளி உலுக்கும் மாதம். செத்த இருவருக்கும் நினைவுச்சின்னம் எழுப்புவது என்று முடிவானது. யார் வேண்டுமானாலும் வரைந்து அனுப்பலாம் என்று போட்டி வைத்தார்கள். நான்கு படங்கள் வந்தன. பள்ளிக்கூடச் சுவரில் மாட்டியிருந்தார்கள். தேர்ந்தெடுக்க நான்கு பேர். திருப்பத்தூரிலிருந்து வந்த அதிகாரி. ஆசிரியர். காளியம்மாள். நான். சடையன் வீட்டில் யாரும் மிஞ்சவில்லை.

முதல் படம், தாமரை வடிவில் நீரூற்று. "குடிக்கவே ஊத்துத் தண்ணிக்கு நடக்கறோம்" என்றாள் காளியம்மாள். ஆசிரியர் அதைக் கழற்றினார். இரண்டாவது, சிமெண்டில் ஒரு டாங்கி. எங்களில் யாரும் டாங்கியில் ஏறியதில்லை. அதையும் கழற்றினார். மூன்றாவது, வெறும் கல். மலைப்பாறையை வெட்டி நிறுத்தி அதில் பெயர்கள். ஒடுகத்தூரில் கடைப்பலகை எழுதும் ஒருவர் பென்சிலில் போட்டது. அதிகாரி அதன் முன் நிற்கவே இல்லை.

நான்காவது பெரிய படம். வண்ணம் தீட்டியது. சிப்பாய் ஒருவன் பாய்கிறான். துப்பாக்கி தலைக்கு மேலே. பூட்ஸ் பளபளக்கிறது. கீழே 'வீரர் கோவிந்தன்' என்று எழுதியிருந்தது.

"இதுதாங்க. பார்த்ததும் ஒரு வேகம் வருது இல்ல?" என்றார் அதிகாரி.

போரில் செவிடான என் இடது காதில் இரைச்சல் தொடங்கியது. அந்த நாள் நினைவு வந்தால் எப்போதும் அப்படித்தான். 

"இது வேணாங்க" என்றேன்.

"ஏங்க? இன்னா குறை?"

"அவன் கையில துப்பாக்கி இல்லைங்க."

 காளியம்மாள் என்னைப் பார்த்தாள். "அப்ப இன்னா இருந்துச்சு?"

சொல்லாமல் எழுந்து போயிருக்கலாம். கதவு திறந்துதான் இருந்தது. போகவில்லை.

"சடையன் தலை இருந்துச்சு" என்றேன்.

சொன்னேன். சடையனுக்கு முதலில் வயிற்றில் பட்டது. தண்ணீரில் மல்லாந்து விழுந்தான். உயிர் இருந்தது. முகம் உள்ளே போய்ப் போய் வந்தது. கோவிந்தன் துப்பாக்கியைப் போட்டுவிட்டு ஓடினான். மண்டியிட்டு அவன் தலையைத் தூக்கிப் பிடித்தான். படுத்தால் சடையன் முகம் மூழ்கிவிடும். அதனால் படுக்கவில்லை. நான் கத்தினேன். அவன் காதில் விழுந்தது. திரும்பி என்னைப் பார்த்தான். "நீ வாடா! ஒரு கை புடிடா!" என்றான்.

நான் போகவில்லை. எட்டடி. போகவில்லை. படுத்தே கிடந்தேன். எண்ணிக்கொண்டிருந்தேன். கோவிந்தன் சாய்ந்தான். சடையன் தலை தண்ணீருக்குள் போனது. குமிழி வந்தது. பிறகு வரவில்லை.

ஆசிரியர் தலை குனிந்துகொண்டார். அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். காளியம்மாள் அழவில்லை.

"சொன்னா கேக்காத ஆளுன்னு நெனச்சேன். ஏழு வருசமா அவரத் திட்டினு கெடந்தேன். என்னையும் கொழந்தையையும் வுட்டுட்டுப் போறதுக்கா நீ படுக்காம நின்னேன்னு."

காளியம்மாள் என் பக்கம் திரும்பினாள்.

"நீயும் எழுந்து போயிருந்தா மூணு பொணம். அது எனக்குத் தெரியும்ணா. உயிரு யாருக்கும் வெல்லந்தான். ஆனா ஏன் சொல்லல?"

  

அவள் எழுந்தாள். பென்சில் படத்தைத் தொட்டாள். "இந்தக் கல்லு போதும். ரெண்டு பேரையும் பக்கத்துல பக்கத்துல வெட்டுங்க."

அதிகாரி தலையசைத்தார். வண்ணப் படத்தை அவரே கழற்றினார். போரிட்டுத் திரும்பியவன் என்று என் பெயரையும் கீழே வெட்டலாமா என்று ஆசிரியர் கேட்டார். வேண்டாம் என்றேன். காளியம்மாள் என் பக்கம் திரும்பாமல் வெளியே போனாள். அதற்குப் பிறகு அவள் என்னிடம் பேசியதில்லை.

கல் நிற்கிறது. மறந்துவிடக் கூடாது என்பதற்காகக் கணக்கை இங்கே எழுதி வைக்கிறேன். போனவர்கள் மூவர். செத்தவர்கள் இருவர். கோவிந்தன், வயது இருபத்தாறு. தோட்டா. சடையன், வயது இருபத்திரண்டு. தண்ணீர். தகப்பன் முகம் தெரியாமல் வளர்ந்த பெண் குழந்தை ஒன்று. காது கேளாமல் போனது ஒன்று, என்னுடையது. அண்ணா என்று கூப்பிட ஒருத்தி இருந்தாள். அதுவும் போனது.