எலிக்குப் போட்ட ஊசி

— அந்த ஊசியை எனக்கும் போட்டு விடுக்கா. அவ்வளவுதான் கேக்கறேன்.

— உளறாதடா. ஆராய்ச்சிக்கூடத்துக்குள்ள வந்து கேக்கற கேள்வியா இது? கூண்டுல சாயாத, எலி மிரளுது.

— மறந்துடுச்சுன்னு நீதானே சொன்ன?

— சொன்னேன். பெட்டியில ஒரு தடவை ஷாக் அடிச்சா, மறுநாள் அதே பெட்டியில விட்டதும் அப்படியே உறைஞ்சு நிக்கும். அந்த நேரம் பாத்து ஊசி போட்டா, அடுத்த நாள் அதுபாட்டுக்கு மீசையை ஆட்டிக்கிட்டு சுத்துது.

— எப்படி?

— இங்க பாரு. நரம்பு செல்லு ஒண்ணும் இன்னொண்ணும் சேர்ற இடத்துலதான் ஞாபகம் உக்காருது. புதுசா புரதம் ஊறி அந்த இணைப்பை இறுக்கும். திரும்ப நினைச்சா கொஞ்ச நேரம் இளகும். மறுபடி இறுகறதுக்குப் புரதம் வேணும். ஊசி அதை ஊற விடாது.

— நட்டு லூஸா இருக்கறப்ப ஸ்பேனரைப் பிடுங்கிக்கற.

— மெக்கானிக் புத்தி எங்க போகும்! அதேதான்.

— அப்ப நான் இப்பவே நினைக்கறேன். போடு.

— எதை மறக்கணும் உனக்கு?

— தெரியாத மாதிரி கேக்காதக்கா. தம்பி தண்ணித் தொட்டியில விழுந்து செத்ததை.

— இருபத்தஞ்சு வருஷமாச்சேடா.

— என் பொண்ணுக்கு இப்ப மூணு வயசு, அன்னிக்கு அவனுக்கு இருந்த வயசு. நேத்து குளிப்பாட்டறேன், கண்ணுல சோப்பு பட்டு கத்தறா. நான் மரம் மாதிரி நிக்கறேன். கை மரத்துப் போச்சு. பயமும் வரல, அழுகையும் வரல, ஒண்ணுமே வரல. இப்படியே இருந்தா குழந்தையைத் தூக்கிட்டு பொறந்த வீட்டுக்குப் போயிடுவேன்னு வீட்டுக்காரி சொல்லிட்டா. அவ்வளவுதான்.

— ஐயோ... உக்காருடா முதல்ல.

— வேணாம். கேட்டுக்கோ. எனக்கு அஞ்சு வயசு. தொட்டிக்கு இரும்பு மூடி. ரெண்டு கையால தள்ளித் தண்ணி மொண்டேன். மூடாம வந்துட்டேன். உள்ளங்கை பூரா துரு. அப்புறம் அம்மா கத்தின கத்து.

— துருவா?

— ஆமா. இன்னும் கையில வாசனை அடிக்குது.

— அது மரப்பலகைடா. துரு எங்கேருந்து வரும்?

— என்னக்கா சொல்ற? திறந்தவன் நான். எனக்குத் தெரியாதா?

— இங்க பாரு... இளகினது இறுகும்போது, பக்கத்துல இருக்கறவங்க சொல்றதும் சேந்து ஒட்டிக்கும். சின்னப் பிள்ளைகிட்ட திரும்பத் திரும்பச் சொன்னா, நடக்காததுக்குக்கூட வாசனை வந்துடும்.

— எனக்கு யார் சொன்னா?

— நான்தான். பள்ளிக்கூடம் போற வழியில, தினமும். அம்மா மறுபடி கேட்டா நீ மாத்திச் சொல்லிடக் கூடாதேன்னு.

— நீ கண்ணால பாத்ததைத்தானே சொன்ன?

— நீ அப்ப உள்ள தூங்கிக்கிட்டிருந்தடா. பலகையைத் திறந்து போட்டுட்டு வந்தது நான்.